உக்கிராணச் சாவி: ஆண்டவர் தந்த வரத்தைப் புழங்குவது எப்படி

நம் கிறிஸ்தவ சபைகளில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தன்று கோயில் வளாகத்தில் அதிகம் சத்தம் போடாத ஆள் ஒருவர் இருப்பார். ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறையை அன்றைக்கு மட்டும் உக்கிராணமாக்கி, அதாவது சாமான் வைக்கும் அறையாக்கி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, வத்தல், இலைக்கட்டு எல்லாம் அவர் பொறுப்பு. எதுவும் அவருடையது இல்லை, எல்லாம் வீடு வீடாகப் பிரித்தது. சமைக்கிற தவசுப்பிள்ளை கேட்கக் கேட்க அளந்து கொடுப்பார், நோட்டில் குறித்துக்கொள்வார், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார்.

"அவனவன் பெற்ற வரத்தின்படியே நீங்கள் தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல, ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள்" என்று 1 பேதுரு 4:10 சொல்லும்போது இந்த ஆளைத்தான் கண்முன் கொண்டுவர வேண்டும். வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் இந்தச் சொல்லைப் போட்டது நமக்கு நல்லதாய்ப் போயிற்று. உக்கிராணக்காரர் செய்யக்கூடாதவை மூன்று. அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது. சாமானைத் தன் வீட்டுக்குக் கடத்தக் கூடாது. முதல் பந்திக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டு மூன்றாம் பந்திக்குக் கையை விரிக்கவும் கூடாது. வரங்கள் வீணாவதும் பெரும்பாலும் இந்த மூன்று வழியில்தான். மூன்றாவதை நம் சபைகளில் தவறென்றே யாரும் நினைப்பதில்லை. அதனால் அதைப் பின்னால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தாலந்து என்பது திறமை அல்ல

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். "அவனுக்கு நல்ல தாலந்து" என்று பாட்டுப் பாடுகிறவனைச் சொல்கிறோம். மத்தேயு 25-இல் தாலந்து என்பது பணம். ஒரு தாலந்துக்கு 6000 தெனாரியம். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்துக் கூலியாள் ஒரு நாளைக்கு வாங்கும் "ஒரு பணம்" அந்தத் தெனாரியம்தான். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு தாலந்து 20 வருஷக் கூலி. ஒன்றே ஒன்று வாங்கியவன்கூட ஏழை இல்லை.

15-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். எஜமான் "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக" கொடுத்தான். திறமை ஏற்கெனவே இருந்தது, அதைப் பார்த்துத் தாலந்து வந்தது. ஆகவே உங்களிடம் இருப்பது திறமை மட்டுமல்ல. அதைப் புழங்குவதற்கான இடம், நேரம், தெரிந்த மனிதர்கள், கையிலுள்ள காசு எல்லாமே அந்தத் தாலந்தில் சேர்த்தி. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறவரிடம் ஒரு ஸ்கூட்டரும் சனிக்கிழமை மத்தியானமும் இருந்தால், அவர் ஒரு தாலந்துக்காரர்.

புதைத்தவன் சொன்ன காரணம் சோம்பல் இல்லை, "பயந்து" என்றான். எஜமானும் அவனிடம் பெரிய வியாபாரம் கேட்கவில்லை. காசுக்காரர் வசத்தில் போட்டிருக்கலாமே என்றுதான் கேட்டான். தனியாகத் தொடங்கப் பயமாக இருந்தால், தெரிந்த ஒருவர் கையில் உங்களை ஒப்படைத்து அவருக்குக் கீழே வேலை செய்யுங்கள். பயந்த ஆளுக்கு வேதம் காட்டும் குறைந்தபட்ச வழி அது.

இருப்புக் கணக்கு எடுப்பது

ரோமர் 12:6-8-இல் 7 வரங்கள் வருகின்றன: தீர்க்கதரிசனம், ஊழியம், போதிப்பது, புத்திசொல்வது, பகிர்ந்து கொடுப்பது, தலைமையாய் நடத்துவது, இரக்கம் செய்வது. 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4 ஆகியவற்றில் வேறு பட்டியல்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் நான் எது?" என்று தேடினால் நம் ஆட்கள் பெரும்பாலும் பிரசங்கத்தில்தான் போய் நிற்பார்கள். அந்த வழி வேண்டாம். யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் வேலை தெரிந்தவர்.

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நான்கு வாரம், தினமும் இரவு ஐந்து நிமிஷம். பக்கத்துக்கு மூன்று கட்டம்: இன்று யாருக்கு என்ன செய்தேன், எவ்வளவு நேரம் ஆயிற்று, முடித்த பிறகு மனசு எப்படி இருந்தது. கோயில் வேலையை மட்டும் எழுதினால் கணக்கு பொய்யாகும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, மைனிக்கு ரேஷன் கார்டு மாற்ற மனு எழுதிக்கொடுத்தது, சண்டை போட்ட இரண்டு பேரைப் பேசவைத்தது எல்லாம் வர வேண்டும். நான்காம் வாரம் திருப்பிப் பார்த்தால், கூப்பிடாமலே வந்து உங்களிடம் கேட்கிற ஏதோ ஒன்று இரண்டு மூன்று முறை வந்திருக்கும். அதில் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

பிறகு மூன்று பேரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவர், சபையில் உங்களைவிட மூத்த ஒருவர், வேலை செய்யும் இடத்தில் நம் சபைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர். கேள்வி இரண்டுதான்: "எந்த வேலைக்கு என்னைத் தேடுவீங்க? எந்த வேலைக்கு என்னைத் தேடவே மாட்டீங்க?" இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். வீட்டு ஆள் சொல்வதும் வெளி ஆள் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம். "தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்" என்று ரோமர் 12:3 சொல்வதற்கு இதைவிட லேசான மருந்து கிடையாது.

ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். "எனக்கு ஏது நேரம், எனக்கு ஏது வரம்" என்பார்கள். நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர்களுக்குத் தெரியும். இரக்கம் செய்கிற வரத்துக்குப் பாதி மூலதனம் இந்தச் செய்திதான். அவர்கள் செய்ய வேண்டியது, அந்தச் செய்தியைத் தெருவில் பேசாமல் குருவானவரின் மனைவியான ஐயரம்மாவிடமோ பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளரிடமோ நேராகச் சேர்ப்பது. வாரத்துக்கு ஐந்து நிமிஷம் போதும். ஒருவனுக்கு "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது.

ஒரு வேலை, மூன்று மாசம், ஒரு ஆள்

வட்டம் போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டு குருவானவரிடமோ சபை ஊழியரிடமோ போங்கள். "ஏதாவது செய்கிறேன்" என்று சொன்னால் நாற்காலி தூக்கத்தான் சொல்வார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்லுங்கள்: "மாசத்துக்கு இரண்டு ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறேன். மூன்று மாசம். முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள், தொடரட்டுமா என்று." வேலை, அளவு, முடிவுத் தேதி மூன்றும் அதில் இருக்கின்றன. முடிவுத் தேதி இருந்தால் பொருந்தாத ஆள் மரியாதையோடு விலகலாம், குருவானவரும் மனம் நோகாமல் சொல்லலாம். முடிவுத் தேதி இல்லாமல் ஏற்ற வேலைதான் பத்து வருஷம் கழித்துச் சண்டையில் முடிகிறது.

உங்களைக் கவனித்துக் குறை சொல்ல ஒரே ஒரு ஆளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வேண்டாம்.

வேலைக்கும் பதவிக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சேகரக் கமிட்டித் தேர்தல் வரும்போது மட்டும் ஊழிய பாரம் வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சின்னச் சோதனை: அந்த வேலையைப் பெயர் இல்லாமல், மேடை இல்லாமல், நன்றியறிவிப்பில் வாசிக்கப்படாமல் ஆறு மாசம் செய்ய முடியுமா? முடியாது என்றால் அது பதவி ஆசை. சாமானை வீட்டுக்குக் கடத்துகிற கணக்கில் அதுவும் சேரும்.

கிட்டத்தில் பார்க்க: வேதபாடம் வாசிப்பது

லேசான வேலை என்று நினைத்து அதிகம் கெடுக்கப்படுகிற வேலை இது. வியாழக்கிழமைக்குள் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள், கண்ணால் மட்டும் வாசித்தால் பயனில்லை. பழைய மொழிபெயர்ப்பில் சொற்கள் புணர்ந்து நீளமாக வரும். மேலே சொன்ன பேதுரு வசனத்தையே எடுங்கள்: "அவனவன் பெற்ற வரத்தின்படியே / நீங்கள் / தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல, / ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள்." "தேவனுடைய பற்பல" என்பதற்குப் பிறகு மூச்சு விட்டால் பொருள் உடைந்துவிடும். மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நேபுகாத்நேச்சார், மகேர்-சாலால்-அஷ்-பாஸ் போன்ற பெயர்களை அசை அசையாகத் தனியே பத்து முறை சொல்லிப் பாருங்கள். பெயரில் தடுக்கி விழுந்தால் பிள்ளைகள் சிரிக்கும், பிறகு வசனம் யார் காதிலும் ஏறாது.

எல்லாரும் செய்யும் தவறு, வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்குவது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. "செய்தான்", "செய்யவில்லை" என்பது காதில் விழாவிட்டால் முழு வாக்கியமும் போச்சு. கடைசிச் சொல்லுக்குக் கொஞ்சம் மூச்சைச் சேமித்து வையுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. ஒலி மோதித் திரும்பும் பழைய கோயில்களில் இன்னும் மெதுவாக. 15 வசனத்துக்கு மூன்று நிமிஷம் ஆகலாம், அவசரம் இல்லை. முடித்ததும் விளக்கம் சொல்லாதீர்கள், அது குருவானவர் வேலை.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போவது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது கூட இருக்கிறவரை. "சாப்பிட்டீங்களா? ராத்திரி யாரு இருக்கா?" பழத்தைவிட வெந்நீர் பிளாஸ்க்கும் சில்லறையும் அவருக்கு உதவும். இரண்டு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து அவரைக் குளித்துவிட்டு வரச் சொன்னால் அது ஜெபத்துக்குச் சமம்.

நோயாளியிடம் 15 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சங்கீதம் 23 வாசியுங்கள், 6 வசனம்தான். அல்லது 121, அது 8. இரண்டு நிமிஷ ஜெபம், பக்கத்துக் கட்டில்காரர் தூங்கினால் காதோடு. இதே வியாதியில் இறந்துபோன அத்தானைப் பற்றிப் பேசக் கூடாது. "விசுவாசம் குறைவு" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். மருந்து யோசனை வேண்டாம். வியாதியின் பெயரை அவர் அனுமதி இல்லாமல் ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக வாசிக்கவும் கூடாது. நம் ஊரில் பல ரகசியங்கள் ஜெபக்குறிப்பு என்ற பெயரில்தான் வெளியே வருகின்றன.

ஒரே பந்தியில் கொட்டாதீர்கள்

திரும்ப உக்கிராணத்துக்கு வருவோம். அசனத்துக்கு 100 பேருக்கு 15 கிலோ அரிசி, சாம்பாருக்கு 4 கிலோ துவரம்பருப்பு என்று கணக்கு வைத்தால் உழைக்கிற ஊரில் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். நல்ல உக்கிராணக்காரர் மொத்தத்தையும் ஒரே தடவையில் வெளியே விடமாட்டார். முதல் பந்தியில் விழுந்த இலைகளை எண்ணுவார், வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் கடைசி உலைக்கு அரிசி அளப்பார். முன்னாலேயே போட்டால் மிஞ்சி வீணாகும், பிந்திப் போட்டால் பந்தி காத்து நிற்கும்.

உங்கள் நேரத்துக்கும் இதே அளவைதான். வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் போதுமானது. ஆயத்தத்தையும் அதற்குள் கணக்கிடுங்கள். இரண்டாவது வேலையை ஏற்கும்முன் முதலாவதை யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வாலிபர் சங்கம், கணக்கு, அசனப் பொறுப்பு எல்லாம் ஒரே அண்ணாச்சி தலையில் இருக்கிற சபையைப் பார்த்து "என்ன உற்சாகம்!" என்று மெச்சுகிறோம். அங்கே நாலு பேருடைய வரம் உக்கிராணத்திலேயே உளுத்துக் கிடக்கிறது. அண்ணாச்சி வீட்டிலும் யாராவது ஞாயிற்றுக்கிழமைகளை வெறுத்துக்கொண்டு இருப்பார்கள். அப்போஸ்தலர் 6-இல் விதவைகள் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது பன்னிரண்டு பேரும் கூடுதலாக ஓடவில்லை, 7 பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள்.

உங்களுக்கு எல்லை மீறிவிட்டது என்பதற்கு அடையாளம் களைப்பு அல்ல. களைப்பு நல்ல வேலையிலும் வரும். உதவி கேட்டு வருகிறவரைப் பார்த்ததும் எரிச்சல் வந்தால், வராதவர்களைப் பற்றி வீட்டில் தினமும் குறை பேசினால், ஒரு மாசம் நிறுத்துங்கள்.

காசு தொடர்பான வரம்

கணக்கு எழுதத் தெரிந்தவர் சபைக்குப் பெரிய ஈவு. ஆனால் தனியாக எழுதக் கூடாது. காணிக்கைப் பையை இரண்டு பேர் சேர்ந்து, அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், அன்றைக்கே கோயிலுக்குள் வைத்தே எண்ணுங்கள். இரண்டு கையெழுத்து. மறுநாளே வங்கி. கைக்காசைப் போட்டுச் செலவு செய்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் பழக்கம் நல்ல மனிதரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். பவுலே தர்மப் பணத்தை எடுத்துச் செல்லும்போது ஒருவரும் குற்றப்படுத்தாதபடி துணை ஆட்களை வைத்துக்கொண்டார், 2 கொரிந்தியர் 8:20-21.

கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெள்ளாளன்விளை அசரியாவும் கூட இருந்தவர்களும் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டார்கள். போகிறவர், கொடுக்கிறவர், நடத்துகிறவர் மூன்று பேருக்கும் அதில் இடம் இருந்தது. போக முடியாதவர் கொடுப்பதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டியதில்லை.

சாவியைக் கைமாற்றுவது

நாகர்கோவிலில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்கு வந்தபோது தாய் வீட்டுக் கைவேலையையும் கூடவே கொண்டுவந்தார். தேரிக்காட்டு ஊரில் பெண்கள் கையில் கூலி வந்தது. ஊசியும் நூலும் தெரிந்த ஒரு அம்மா தனக்கு மட்டும் வைத்திருந்தால் அது ஒரு வீட்டு மேசைவிரிப்போடு முடிந்திருக்கும்.

ஆகவே வேலையை ஏற்ற முதல் வருஷத்திலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். ஒருவருக்கு அல்ல, இரண்டு பேருக்கு. ஒருவர் கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ சென்னைக்குப் போய்விடுவார், இது நம் ஊர் வழக்கம். கற்பிக்கும் முறை நான்கு படி: நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், சேர்ந்து செய்யுங்கள், அவர் செய்ய நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள், பிறகு நீங்கள் அன்றைக்கு வேறு கோயிலுக்குப் போய்விடுங்கள். பலர் மூன்றாம் படியில் நின்றுவிடுவார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு "அப்படியில்ல, இப்படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் கைக்கு வேலை பழகாது.

கைமாற்றும்போது ஒரு நோட்டைச் சேர்த்துக் கொடுங்கள். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் வாங்குவது, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை ஒட்டும், மைக்செட்காரருக்கு எவ்வளவு முன்பணம், எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், எந்தத் தாத்தாவுக்கு முன்வரிசையில் இடம் போட வேண்டும். நாலைந்து பக்கத்தில் அடங்கிவிடும். கோபதாபங்களை எழுத வேண்டாம்.

அவர் முதல் தடவை தப்பு செய்வார். சாதம் குழையும், பாட்டு ஒரு கட்டை மேலே போய்விடும், கணக்கில் நூறு ரூபாய் இடிக்கும். கூட்டத்துக்கு முன்னால் திருத்தாதீர்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய், அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு மூன்று மாசத்துக்கு அந்த அறைப்பக்கம் போகாமல் இருங்கள், அடுத்த அசனத்துக்குப் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.